கண்ணாடி ரூம்

பதினான்கு வருஷமாக ராமாத்தாளின் கண் வெள்ளைத் துணியிலேயே கிடந்தது. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த மறு வருஷமே ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தைத்து வந்த பனியன்களை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, மிஷின் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடுகில் பாதியளவு கறையைக்கூட அவள் விட்டதில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளைக் கறை எடுக்கிற வேலைக்கே மாற்றினார்கள்.

கறை எடுக்கிறதற்குத் துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்பிரே கன் உண்டு. அதில் கெமிக்கலை ஊற்றிக் கறையின் மேல் அடித்தால் எண்ணெய் கரைந்து போய்விடும். ஆனால் நனைந்த ஓரம் திட்டாகக் காயாதபடி மெல்ல மெல்ல ஆற்றி எடுக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கறை போன இடத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் விழும். வட்டம் விழுந்த பீஸை யாரும் வாங்க மாட்டார்கள். ராமாத்தாள் அடித்த பீஸில் வட்டம் விழுந்ததாக ஒருத்தரும் சொன்னது கிடையாது.

நல்ல வேலைக்காரி. ஆனால் இன்னொருத்தியை யாராவது மெச்சிப் பேசினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. எதிர்வீட்டில் புதிதாக ஒரு பீரோ வந்து இறங்கினால் இரண்டு நாளைக்கு அந்தப் பக்கக் கதவைத் திறக்க மாட்டாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் மாரப்பன் சிரித்துக்கொண்டே சொல்வான்: "ஏம்புள்ள, உனக்கு வவுத்தெரிச்சல் வந்துச்சுன்னா நீ வெக்கற கொழம்பும் கசக்குது போ."

வேல்விழி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. இருபத்தாறு வயது. புருஷன் முனீஸோடு திருப்பூருக்கு வந்து, பிசிர் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். கன் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து டேபிளில் நின்று பார்த்தே பழகிக்கொண்டாள். ராமாத்தாளுக்கு வந்து சேர இரண்டு வருஷம் பிடித்த கைப்பாங்கு, இந்தப் பெண்ணுக்கு நாலு மாசத்தில் வந்துவிட்டது. "யக்கா, இது சரியா இருக்கா பாருங்க" என்று வேல்விழி பீஸைத் தூக்கிக் காட்டும்போது, ராமாத்தாள் ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடுவாள். கிடைக்காது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

அந்தச் சித்திரையில் வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. கைக்குழந்தைகளுக்கான வெள்ளை உடுப்பு. ஒரு தூசி படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்காகச் செக்கிங் ஹாலின் மூலையில் அலுமினியச் சட்டம் அடித்து, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, ஒரு ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி ரூம் ஒன்று செய்தார்கள். உள்ளே ஏ.சி., சக்கரம் வைத்த நாற்காலி. ஜன்னல் கிடையாது. கதவு இடுக்கில் காற்று நுழையாதபடி ரப்பர் பட்டை ஒட்டினார்கள். கெமிக்கலும் புதுசு. கேனில் பேர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. முன்பு போட்டதைவிடச் சீக்கிரம் காய்ந்தது. பெட்ரோல் மாதிரி லேசான வாசம், அவ்வளவுதான்.

தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்த அத்தனை பெண்களும் அந்த ரூமையே பார்த்தார்கள். ராமாத்தாள் பார்த்ததோடு நிற்கவில்லை. குளிருக்குப் போர்த்த ஒரு சால்வையை மறுநாள் பையில் வைத்தே எடுத்து வந்தாள்.

சூப்பர்வைசர் கந்தப்பன் வந்து, "வேல்விழி, நீ உள்ள போய் உக்காரும்மா" என்றான்.

ராமாத்தாள் கன்னைக் கீழே வைத்தாள். "ஏனுங் தம்பி, நானுங் பதினாலு வருசமா இங்க இருக்கறனுங்க."

"உங்க கை தங்கமான கைதானுங்கக்கா. ஆனா அந்தப் பொண்ணு நெம்ப வேகமா பண்ணுது. ஆர்டர் அவசரமுங்க."

தங்கமான கை என்றது காதில் விழவில்லை. வேகம் என்றதுதான் விழுந்தது. அன்றைக்கு முழுக்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சக்கரம் வைத்த நாற்காலியில் இப்படியும் அப்படியும் திரும்பி வேலை பார்த்த வேல்விழியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழியின் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. ராமாத்தாளுக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. சால்வை பையிலேயே கிடந்தது.

பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள், எல்லோரும் டீக்குப் போன நேரத்தில், மூன்று வெள்ளை உடுப்பை எடுத்து அவளே கன்னால் அடித்தாள். ஓரத்தை ஆற்றவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கையால் வட்டம் விழுந்தது. பார்க்கவே அவளுக்குக் கூசியது. ஆனாலும் அந்த மூன்றையும் கொண்டுபோய், வேல்விழி முடித்து அடுக்கி வைத்திருந்த கட்டின் நடுவில் சொருகிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பீஸ் பிடிபட்டது. கந்தப்பன் கத்தினான். "யண்ணே, சத்தியமா நான் அடிச்சது இல்லண்ணே" என்று வேல்விழி அழுதாள். ராமாத்தாள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தாள். மறுநாள் வேல்விழியை லோடு ஏற்றுகிற கேட் பக்கத்து டேபிளுக்கு மாற்றினார்கள். அங்கே தூசி, வெயில், வண்டி வரும்போதெல்லாம் அனல் காற்று. ராமாத்தாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணாடி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

முதல் ஒரு மாசம் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள். ஒரு தடவை வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வந்தது. அலமாரியில் பூட்டி வைத்திருந்த தடித்த ரப்பர் கையுறையும், இரண்டு பக்கமும் டப்பா வைத்த முகமூடியும் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. ராமாத்தாளுக்கு மாட்டிவிட்டுப் போட்டோ எடுத்தார்கள். அவள் கண் கேட் பக்கம் போனது. போட்டோ எடுப்பதை வேல்விழி பார்த்தாளா என்பதுதான் அவளுக்குக் கவலை. ஆடிட்டர் காரில் ஏறியதும் கந்தப்பன் இரண்டையும் வாங்கித் துடைத்துத் திரும்பவும் பூட்டி வைத்தான். மற்ற நாட்களில் அவளுக்கு இருந்தது கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கும், புரோட்டாக் கடையில் மாட்டிக்கொள்கிற மாதிரி மெல்லிய பாலித்தீன் கையுறையும்தான். அரை மணி நேரத்தில் அது கிழிந்துவிடும். பிறகு வெறுங்கைதான். கெமிக்கல் பட்ட விரல் சில்லென்று இருக்கும்.

இரண்டாம் மாசம் தலைவலி ஆரம்பித்தது. சாயங்காலம் வெளியே வந்தால் குடித்தவள் மாதிரி லேசாகக் கிறங்கும். நாலாம் மாசம் கால் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. பிறகு அந்த ஊர்தலும் நின்று, விரல்கள் மரத்துப்போயின. சோறு பிசைந்தால் சூடு தெரியவில்லை. உடம்பு இளைத்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் நாற்காலி யாருக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். தலை சுற்றும்போதெல்லாம் கண்ணாடி வழியாகக் கேட் பக்கம் பார்ப்பாள். வேல்விழி புறங்கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அதைப் பார்த்தால் தலைவலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் அதிலும் அவளுக்கு நிம்மதி நிலைக்கவில்லை. வெளியே பெண்கள் வேலைக்கு நடுவில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். வேல்விழிதான் சொல்லியிருப்பாள். கண்ணாடிக்குள் சத்தம் வராது, பல் தெரிவது மட்டும் தெரியும். மத்தியானம் சாப்பிடும்போது வேல்விழியின் டப்பாவைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரூம் கிடைத்த பிறகும் அவளைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று ராமாத்தாளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கார்த்திகையில் ஒருநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கிக் கம்பெனிக்கு நடந்து வந்தவளை வாட்ச்மேன் நிறுத்தினார். "ஏனுங்கம்மா, இன்னொரு செருப்பு எங்க?" என்றார். குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலில் வந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஒன்று குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலி இல்லை. ராமாத்தாளுக்கு முதல் தடவையாகப் பயம் பிடித்தது. அப்போதும், "பஸ்ல உட்டுட்டனாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற படியில் பாதம் தூக்க வராமல் தடுக்கி விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. முதலில் ஓடி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கியவள் வேல்விழி. "கையெ எடு, நானே எந்திரிச்சுக்குவேன்" என்றாள் ராமாத்தாள். ஆனால் எழ முடியவில்லை. மாரப்பன் ஆட்டோவைக் கொண்டுவந்து, துணி மூட்டை வைக்கிற இடத்தில் படுக்க வைத்துக் கூட்டிப்போனான்.

பக்கத்து டாக்டர் சர்க்கரை பார்த்தார், இல்லை. சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். ஒரு மாசம் போட்டும் கால் இன்னும் தொய்ந்ததே தவிரத் தேறவில்லை. நடந்தால் பாதம் முன்னால் மடங்கித் தரையில் உரசியது. முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள். கடைசியில் கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரம்மா ஒருவரிடம் போனார்கள். அந்தம்மா ஒரு குண்டூசியை எடுத்து, "கண்ண மூடிக்குங்க, குத்தறப்ப சொல்லுங்க" என்றார். ராமாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். குத்தவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது முழங்காலுக்குக் கீழே சுருக்கென்றது. "இங்கதாங்க" என்றாள்.

"அதுக்கு முன்ன ஒம்போது தடவ குத்திட்டேம்மா" என்றார் டாக்டர். "என்ன வேலை செய்யறீங்க?"

எல்லாம் கேட்டார். என்ன வாசம் அடிக்கும், எவ்வளவு சீக்கிரம் காயும், ரூமுக்கு ஜன்னல் உண்டா, காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் உண்டா, கைக்கு என்ன போட்டீர்கள். கரண்ட் வைத்து நரம்பைச் சோதிக்கிற டெஸ்ட் எடுத்தார்கள். பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "உங்க கெமிக்கல் மூச்சு வழியாவும் தோல் வழியாவும் உள்ள போயி நரம்பக் கெடுத்திருக்குது. காத்துப் புகாத ரூம்ல அத அடிச்சிருக்கீங்க. இனி அது பக்கமே போகக்கூடாது. நிறுத்தின பொறகும் ரெண்டு மூணு மாசம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அப்பறம் மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது." சீட்டை எழுதிக்கொண்டே கேட்டார்: "இப்ப அந்த ரூம்ல யாரு இருக்காங்க?"

"வேற ஒரு புள்ளைங்க."

"சீக்கிரம் சொல்லிருங்க. ஆரம்பத்துலயே நிறுத்திட்டா முழுசா சரியாயிரும்."

"சொல்றேனுங்க" என்றாள் ராமாத்தாள்.

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வேல்விழியே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தாள். வாசலில் இரண்டு படி. ஒரு கையில் பையும் இன்னொரு கையில் போனுமாக, படியைப் பார்க்காமலே பேசிக்கொண்டு ஏறி வந்தாள். பாதம் தானாக உயர்ந்து, தானாகப் படிந்தது. கட்டிலில் கிடந்த ராமாத்தாளின் கண் அந்தப் பாதத்தை விட்டு நகரவில்லை. அவள் வாழ்நாளில் பீரோவையும் ரூமையும் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். ஒருத்தியின் கால் நடப்பதைப் பார்த்து இப்படி எரியும் என்று அவளுக்கே தெரியாது.

"ரூமுக்குள்ள என்னயத்தான் போட்டுருக்காவக்கா" என்றாள் வேல்விழி. "நீங்க தேறி வந்தா எந்திரிச்சிருவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய."

ராமாத்தாளின் வாயில் டாக்டர் சொன்னது வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "நல்லதாச்சு" என்றாள். நாலு நாள் இவளும் உட்காரட்டும், என்ன சுகம் என்று தெரியட்டும் என்று உள்ளே ஒன்று சொன்னது. நாலு நாள் நாற்பது நாளானது. ஒவ்வொரு நாளும் மாரப்பன் அவள் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டயா?" என்று கேட்பான். "போன் எடுக்கலீங்க" என்பாள். அவள் போன் போட்டால்தானே எடுப்பதற்கு!

மாசியில் வேல்விழி இன்னொரு தடவை வந்தாள். இளைத்திருந்தாள். மாரப்பன் கொடுத்த டீத் தம்ளர் அவள் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "கை மரமரன்னு இருக்குக்கா" என்று சிரித்துக்கொண்டே பழந்துணி எடுத்துத் துடைத்தாள். "ஏ.சி. குளிருல்லா, அதான்."

முதலில் ராமாத்தாளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. எழுந்தது உண்மை. பிற்பாடு அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. அடுத்த கணமே, தரையைத் துடைக்கிற அந்தக் கையைப் பார்த்தாள். அது தன் கை மாதிரியே இருந்தது.

"கண்ணு, அந்த ரூமுக்குள்ள நாளைக்குப் போவாத" என்றாள். "அந்தக் கெமிக்கல்தான் என்ற காலத் தின்னுபோட்டுது. டாக்டரம்மா சொன்னாங்க."

வேல்விழி துணியோடு நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "எப்பச் சொன்னாங்க?"

"தையில."

"தையில சொன்னத மாசி கடைசியில சொல்லுதிய?" "யக்கா, அந்த வட்டம் விழுந்த மூணு பீஸயும் நீங்கதான் வச்சியன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பெரியவுகன்னு வாயத் திறக்காம இருந்தேன். இப்பவும் நான் அந்த நாக்காலியில உக்காந்திருக்கது உங்களுக்குப் பொறுக்கல, அப்படித்தான?"

வேல்விழி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நடந்ததை எல்லாம் அன்றைக்கு மாரப்பனிடம் சொன்னாள். வட்டம் போட்டதிலிருந்து, போன் போடாமல் பொய் சொன்னது வரைக்கும். அவன் திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம வண்டிய எடுக்கறேன்" என்றான்.

வேல்விழியும் முனீஸும் திருப்பூரிலேயே ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். பதினெட்டுப் படி, கைப்பிடி கிடையாது. மாரப்பன் தூக்கிப் போகிறேன் என்றான். "வேண்டாமுங்க, உட்ருங்க" என்றாள். முதல் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இடுப்பைத் தூக்கி வைத்து ஏறினாள். விரலில் பலமில்லாததால் மணிக்கட்டை ஊன்றினாள். கீழ்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மேலே கதவைத் திறந்து நின்ற வேல்விழி, ராமாத்தாள் பாதி ஏறியதும் தாங்க முடியாமல் ஓடி வந்து பிடித்தாள். இந்தத் தடவை ராமாத்தாள் கையைத் தட்டிவிடவில்லை.

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்ததும், முந்தானையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துத் தன் பாதத்தில் குத்தினாள். ரத்தம் முத்தாக வந்தது. முனீஸ், "அய்யய்யோ, என்னம்மா பண்ணுதிய!" என்று பதறினான்.

"எனக்கு இது தெரியலீங்க தம்பி. முழங்கால் வரைக்கும் ஒண்ணும் தெரியாது" என்றாள். பிறகு வேல்விழியிடம் திரும்பினாள். "அந்தப் பீசு நான் வெச்சதுதான் கண்ணு. உன்ற மேல பொறாமையிலதான் வெச்சேன். டாக்டரம்மா சொன்னத மறைச்சதும் அதனாலதான். அதுக்கு நீ என்னைய என்ன வேணாலும் சொல்லிக்க. ஆனா இத மட்டும் நம்போணும். நான் சொல்ல வேண்டாம், உன்ற காலே சொல்லட்டும். கண்ண மூடு."

வேல்விழி முனீஸைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். காலை நீட்டிக் கண்ணை மூடினாள். ராமாத்தாள் வேறு ஊக்கை வாங்கி, அவள் பெருவிரலில் மெல்ல அழுத்தினாள். பக்கத்து விரலில் அழுத்தினாள். பாதத்தின் மேல் அழுத்தினாள். வேல்விழி கண்ணை மூடியபடி, "ம், குத்துங்க" என்றாள்.

முனீஸின் முகம் வெளுத்துப்போனது. கணுக்காலுக்கு மேலே வைத்தபோதுதான் வேல்விழி, "ஆ" என்றாள். கண்ணைத் திறந்தவள், தன் பாதத்தில் இருந்த மூன்று சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அந்த வாரமே நாலு பேரும் கோயம்புத்தூர் போனார்கள். டாக்டர் இருவருக்கும் சேர்த்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை வைத்து மாரப்பனும் முனீஸும் மனு எழுதிப் போட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார்கள், காற்றை இழுக்கிற ஃபேன் வைத்தார்கள், பேரில்லாத கேன் காணாமல் போனது. அலமாரியிலிருந்த முகமூடிக்குப் பூட்டு இல்லாமல் போயிற்று. கந்தப்பன் ஒருநாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, "நெசமாலுமே எனக்குத் தெரியாதுங்கக்கா" என்றான். ராமாத்தாள் அவனை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. நஷ்ட ஈட்டு வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ராமாத்தாள் இப்போது பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கிறாள். பெண்கள் விடுதி ஒன்றில் வருகிறவர் போகிறவர் பேரை நோட்டில் எழுதுகிற வேலை. பேனாவைச் சுற்றித் துணி சுற்றி வைத்திருக்கிறாள், பிடி கிடைக்க வேண்டுமே. பக்கத்துக் கம்பெனிகளில் கன் பிடிக்கிற பெண்கள் சில சமயம் வந்து, "அக்கா, எனக்கும் கொஞ்சம் பாருங்க" என்று காலை நீட்டுவார்கள். ஊக்கால் அழுத்திப் பார்த்து, குத்தியது அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் டாக்டரம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுப்பாள்.

ஒன்றரை வருஷம் ஆனபோது இருவரும் சோதனைக்குச் சேர்ந்து போனார்கள். டாக்டர் வேல்விழியை விரல் நுனியில் நிற்கச் சொன்னார். நின்றாள். குதிகாலில் நடக்கச் சொன்னார். நடந்தாள். "உனக்கு முழுசா சரியாயிருச்சு, இனி வர வேண்டாம்" என்றார். ராமாத்தாளுக்கு இன்னும் ஆறு மாசத்துக்கு மருந்து எழுதினார். "இதுக்கு மேல எவ்வளவு வரும்னு தெரியலம்மா" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ராமாத்தாள் பேசவில்லை. அவிநாசி தாண்டியும் பேசவில்லை.

"என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள் வேல்விழி.

"மேலுக்கு ஒண்ணுமில்ல." ராமாத்தாள் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ குதிகால்ல நடந்தயில்ல, அதப் பாத்து நெம்பப் பொறாமையா இருக்குது கண்ணு. நான்தான் உன்னைய அந்த ரூமவுட்டு எழுப்பினேன். உனக்கு நல்லாகோணும்னுதான் நெனச்சேன். இருந்தாலும் எரியுது."

வேல்விழி அவள் பக்கம் திரும்பினாள். "எரியட்டும்க்கா" என்றாள். "என்கிட்டச் சொல்லிட்டியள்லா. இனிமே எரிஞ்சா அப்பப்பச் சொல்லிருங்க."

"சொன்னாப் போயிருமா?"

"போவாது" என்றாள் வேல்விழி.

ராமாத்தாள் சிரித்துவிட்டாள். கண்டக்டர் திருப்பூர் வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். வேல்விழி முதலில் எழுந்து, ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் இரண்டெட்டில் வாசல் பக்கம் போனாள். ராமாத்தாள் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பட்டை மாட்டிய காலை உயரத் தூக்கி வைத்து, அவள் பின்னால் போனாள்.